மூளையைப் போலச் செய்தல்: கணினியில் மூளையை உருவாக்க முயன்ற வரலாறு

முன்னுரை

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற நரம்பணுக்களோடு தொடர்பு கொண்டுள்ளன. இவ்வளவு பெரிய அமைப்பு இயங்குவதற்குச் சுமார் 20 வாட் ஆற்றலே போதுமானதாக இருக்கிறது. ஒரு சிறிய மின்விளக்குக்குத் தேவைப்படும் ஆற்றல் இது. இந்த ஆற்றலைக் கொண்டே மனிதன் பேசுகிறான், கணக்கிடுகிறான், கவிதை எழுதுகிறான், தான் இருப்பதையும் உணர்கிறான்.

இந்த மூளையைப் போன்ற ஒன்றைக் கருவியால் உருவாக்க முடியுமா என்ற கேள்வி கணினிக்கு முற்பட்டது. இக்கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியுள்ளன. அறிவுள்ளவர் செய்யும் செயலை ஒரு கருவியால் செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. மூளையின் அமைப்பையே கருவியில் படியெடுக்க முடியுமா என்பது இரண்டாவது. அவ்வாறு உருவான கருவிக்கு நனவுநிலை, அதாவது வலியையும் நிறத்தையும் தன் இருப்பையும் உள்ளிருந்து உணரும் நிலை, வாய்க்குமா என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் உரிய விடையாக எடுத்துக்கொண்டபோதெல்லாம் மிகையான நம்பிக்கையும், அதைத் தொடர்ந்து ஏமாற்றமும் ஏற்பட்டதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

கணினிக்கு முந்தைய சிந்தனைகள்

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட் காலத்தில் ஐரோப்பிய அரண்மனைத் தோட்டங்களில் நீரின் விசையால் அசையும் பொம்மைகள் இருந்தன. நரம்புகளின் வேலையை விளக்க அவர் அந்தப் பொம்மைகளையே எடுத்துக்காட்டினார். குழாய்களில் நீர் ஓடுவதுபோல நரம்புகளில் ஒரு நுண்பொருள் ஓடித் தசைகளை அசைக்கிறது என்பது அவர் கருத்து. விலங்குகளை அவர் இயந்திரங்களாகவே கருதினார்.

ஆனால் மனிதனை அவ்வாறு கருத அவர் உடன்படவில்லை. 1637இல் வெளியான தம் நூலில், மனித உருவில் ஓர் இயந்திரம் செய்யப்பட்டாலும் அதை அடையாளம் காண இரண்டு வழிகள் உண்டு என்று எழுதினார். முதலாவதாக, எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் அதற்கு ஏற்றபடி சொற்களை அமைத்து அதனால் மறுமொழி சொல்ல முடியாது. இரண்டாவதாக, சில வேலைகளை மனிதனைவிடச் சிறப்பாகச் செய்தாலும் புதிய சூழல்களில் அது தடுமாறிவிடும். பேச்சுத்திறனே மனத்தின் அடையாளம் என்ற இக்கருத்து அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் செல்வாக்குடன் இருந்தது.

ஜெர்மானிய அறிஞர் லைப்னிஸ் 1714இல் வேறொரு கோணத்தில் சிந்தித்தார். சிந்திக்கவும் உணரவும் கூடிய ஓர் இயந்திரம் இருப்பதாகக் கொள்வோம். அதை ஒரு மாவு ஆலையின் அளவுக்குப் பெரிதாக்கி நாம் உள்ளே நுழைந்து பார்த்தால், ஒன்றையொன்று தள்ளும் உறுப்புகளே தென்படும். உணர்வு என்பதைக் காட்டும் எதுவும் அங்கே தென்படாது என்றார். இன்று மூளைக்குள் நுண்ணோக்கியைச் செலுத்திப் பார்க்கும் ஆய்வாளர்களும் இதே கேள்வியை எதிர்கொள்கின்றனர்.

நரம்பணுவின் கண்டுபிடிப்பு

மூளையைப் படியெடுக்க வேண்டுமானால் அது எவற்றால் ஆனது என்பது முதலில் தெரிய வேண்டும். இத்தாலியரான கமிலோ கால்ஜி 1873இல் வெள்ளி உப்பைக் கொண்டு மூளைத் திசுவுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்தார். அம்முறையில் சில செல்கள் மட்டும் கிளைகளோடு கருநிறத்தில் முழுமையாகத் தெரிந்தன.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ காஹால் அதே முறையை மேம்படுத்திப் பயன்படுத்தினார். மூளை என்பது ஒரே தொடர்ச்சியான வலை அன்று என்றும், தனித்தனிச் செல்களால் ஆனது என்றும் அவர் நிறுவினார். கால்ஜி இறுதிவரை இதை ஏற்கவில்லை. 1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அப்பரிசுக்கான உரையிலும் கால்ஜி காஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார். பின்வந்த ஆய்வுகள் காஹாலின் பக்கமே நின்றன. தனித்த அலகுகளும் அவற்றுக்கிடையே இணைப்புகளும் என்ற இந்தச் சித்திரம்தான் பின்னர் கணிதவியலாளர்களின் கைக்கு வந்தது.

1943: கணக்காக மாறிய நரம்பணு

அமெரிக்க நரம்பியல் அறிஞர் வாரன் மெக்கலக், தருக்கவியலைத் தாமே கற்றுத் தேர்ந்த இளைஞர் வால்டர் பிட்ஸ் ஆகிய இருவரும் 1943இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். பிட்ஸுக்கு அப்போது வயது 20.

நரம்பணு ஒன்று தூண்டப்படும்போது முழுமையாக மின்துடிப்பை வெளியிடும். போதிய தூண்டல் இல்லையென்றால் சும்மா இருக்கும். இந்த இருநிலையைத் தருக்கவியலின் உண்மை, பொய் ஆகியவற்றுக்கு இணையாக அவர்கள் கொண்டனர். ஒரு நரம்பணுவுக்கு இரண்டு உள்ளீடுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வந்தால்தான் அது துடிக்கும் என அமைத்தால், 'இதுவும் அதுவும்' என்ற தருக்கம் கிடைக்கிறது. ஒன்று வந்தாலே துடிக்கும் என அமைத்தால், 'இது அல்லது அது' என்ற தருக்கம் கிடைக்கிறது. இவ்வாறான அலகுகளை இணைத்துக்கொண்டே போனால் எந்தத் தருக்கக் கூற்றையும் கணக்கிடும் வலையை உருவாக்கலாம் என்று அவர்கள் காட்டினர்.

1945இல் ஜான் வான் நியூமன் எட்வாக் கணினியின் வடிவமைப்பை விளக்கி எழுதிய அறிக்கையில் இக்கட்டுரையை எடுத்தாண்டார். மூளையைப் பற்றிய ஒரு கருத்து இவ்வாறு கணினி வடிவமைப்பில் இடம்பெற்றது. பின்னாளில் கணினியையே மூளைக்கு உவமையாகச் சொல்லும் வழக்கமும் பரவியது.

ஆனால் உயிருள்ள மூளை இந்தத் தூய தருக்கத்துக்கு முழுதும் கட்டுப்படவில்லை. மெக்கலக், பிட்ஸ் இருவரும் பங்கேற்று 1959இல் வெளியிட்ட தவளைக் கண் ஆய்வு இதைக் காட்டியது. தவளையின் கண் ஒளிப்படக் கருவிபோலக் காட்சியை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை. பூச்சியைப் போன்ற சிறிய அசையும் பொருள் போன்ற சிலவற்றைக் கண்ணிலேயே பிரித்தறிந்து அனுப்புகிறது. கணக்கிடும் வேலை முழுவதும் மூளையில்தான் நடக்கிறது என்ற எண்ணத்தை இந்த ஆய்வு அசைத்தது.

டூரிங்கின் போட்டியும் எலிசாவும்

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வி தெளிவற்றது என்று கூறி அதற்குப் பதிலாக ஒரு போட்டியை முன்வைத்தார. கேள்வி கேட்பவர் ஓர் அறையில் இருப்பார். எழுத்து வழியாக மட்டுமே ஒரு மனிதரோடும் ஓர் இயந்திரத்தோடும் உரையாடுவார். எது இயந்திரம் என்று அவரால் சரியாகக் கண்டறிய முடியாவிட்டால், அந்த இயந்திரம் சிந்திக்கிறது என்று கொள்ளலாம். டெக்கார்ட் முடியாது என்று சொன்ன அதே பேச்சுத்திறனைத்தான் டூரிங் தேர்வாக மாற்றினார். நனவுநிலை பற்றிய எதிர்ப்பையும் அவர் எடுத்துப் பேசினார். பிற மனிதர்களின் உள்ளுணர்வையும் நாம் நேரடியாக அறிவதில்லை. அவர்களின் நடத்தையைக் கொண்டே ஊகிக்கிறோம் என்பது அவரது மறுமொழி.

இத்தேர்வின் வலுவின்மையை 1966இல் வெளியான எலிசா என்ற நிரல் காட்டியது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் அதை எழுதினார். உளநல மருத்துவரைப் போல, பயனர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை. பொருள் எதையும் அது அறியாது. அதை அவர் உருவாக்கியதைப் பல மாதங்கள் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடத் தொடங்கியதும், தனிமை வேண்டும் என்பதற்காக அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். மொழியைக் கேட்டவுடன் அதன் பின்னால் ஒரு மனம் இருப்பதாக எண்ணுவது மனித இயல்பு என்பதை வைசன்பாம் உணர்ந்தார். பிற்காலத்தில் அவர் செயற்கை நுண்ணறிவைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறினார்.

பெர்செப்ட்ரான்: எழுச்சியும் வீழ்ச்சியும்

மெக்கலக், பிட்ஸ் உருவாக்கிய வலை தானாகக் கற்றுக்கொள்ளாது. கற்றல் எவ்வாறு நடக்கலாம் என்பதற்கு 1949இல் கனடிய உளவியலாளர் டொனால்டு ஹெப் ஒரு விளக்கம் அளித்தார். ஒரு நரம்பணு மற்றொன்றைத் துடிக்கச் செய்வதில் திரும்பத் திரும்பப் பங்கேற்றால், அவற்றுக்கிடையிலான இணைப்பு வலுப்பெறும் என்றார் அவர்.

அமெரிக்க உளவியலாளர் பிராங்க் ரோசன்பிளாட் இதையொட்டிப் பெர்செப்ட்ரான் என்ற கற்கும் கருவியை வடிவமைத்தார். 20 வரிசைகளில் 20 வீதம் அமைந்த 400 ஒளியுணரிகள் அதற்குக் கண்களாக இருந்தன. விடை தவறும்போதெல்லாம் இணைப்புகளின் வலுவைச் சிறிது மாற்றி, எழுத்துகளையும் வடிவங்களையும் பிரித்தறிய அது கற்றது. 1958இல் அமெரிக்கக் கடற்படை இதைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. இக்கருவி வருங்காலத்தில் நடக்கும், பேசும், தன் இருப்பையும் உணரும் என்ற எதிர்பார்ப்போடு நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. வடிவங்களைப் பிரித்தறியத் தொடங்கியிருந்த ஒரு கருவியின்மீது நனவுநிலை வரைக்குமான எதிர்பார்ப்பு ஏற்றப்பட்டது.

1969இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் எழுதிய நூல் பெர்செப்ட்ரானின் எல்லையைக் கணித வழியில் நிறுவியது. வீட்டு மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்வோம். கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் விளக்கு எரியும்; இரண்டையும் போட்டாலோ இரண்டையும் அணைத்தாலோ எரியாது. குழந்தைக்கும் புரியும் இந்த எளிய விதியை ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானால் எவ்வளவு பயிற்சி அளித்தாலும் கற்க முடியாது. பல அடுக்குகள் இருந்தால் முடியும். ஆனால் அவற்றுக்குப் பயிற்சி அளிக்கும் நல்ல வழி அப்போது இல்லை. நரம்பு வலை ஆய்வுகளுக்கான ஆதரவு குறைந்தது. மெக்கலக், பிட்ஸ் இருவரும் அதே 1969இல் காலமாயினர். ரோசன்பிளாட் 1971இல் ஒரு படகு விபத்தில் உயிரிழந்தார்.

மீண்டு வந்த நரம்பு வலைகள்

1982இல் ஜான் ஹாப்ஃபீல்டு நினைவுகளைச் சேமித்து, சிதைந்த குறிப்பிலிருந்தும் முழு நினைவை மீட்கும் வலையை வடிவமைத்தார். 1986இல் டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்டு வில்லியம்ஸ் ஆகியோர் பல அடுக்கு வலைகளுக்குப் பயிற்சி அளிக்கும் முறையைப் பரவலாக்கினர். இறுதி விடையில் ஏற்பட்ட பிழையைப் பின்னோக்கிக் கடத்தி, ஒவ்வோர் இணைப்பும் அப்பிழைக்கு எந்த அளவு காரணம் என்று கணக்கிட்டுத் திருத்துவதே அம்முறை. இதன் மூலம் மாடிப்படி விளக்குக் கணக்கு தீர்ந்தது.

ஆனால் இம்முறை மூளையிலிருந்து விலகியது. உண்மையான நரம்பணுக்களில் பிழையை இவ்வாறு துல்லியமாகப் பின்னோக்கி அனுப்பும் வழி இருப்பதாகத் தெரியவில்லை என்று டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1989இல் சுட்டிக்காட்டினார். மூளையின் பெயரால் தொடங்கிய ஆய்வு, மூளை பயன்படுத்துவதாகத் தெரியாத ஒரு வழியில் வெற்றி கண்டது.

2012இல் டொரான்டோ பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய அலெக்ஸ்நெட் என்ற வலை, 1,000 வகைப் படங்களை அடையாளம் காணும் போட்டியில் பிழையைச் சுமார் 15 விழுக்காடாகக் குறைத்தது. அடுத்து வந்த போட்டியாளரின் பிழை சுமார் 26 விழுக்காடு. இன்றைய உரையாடும் நிரல்களும் இத்தகைய வலைகளின் வழிவந்தவையே. 2024ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் வழங்கப்பட்டது.

மூளையை அப்படியே படியெடுத்தல்

மற்றொரு சாரார் மூளையின் அமைப்பை உள்ளபடி வரைந்து கணினியில் இயக்க முயன்றனர். இம்முயற்சியின் முதல் பெரிய சாதனை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் கிடைத்தது. சி. எலிகன்ஸ் எனப்படும் அப்புழுவுக்கு மொத்தம் 302 நரம்பணுக்களே உள்ளன. சிட்னி பிரென்னர், ஜான் ஒயிட் முதலியோர் அதன் உடலை மிக மெல்லிய துண்டுகளாக வெட்டி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அதன் இணைப்புகளின் வரைபடத்தை 1986இல் வெளியிட்டனர்.

வரைபடம் வெளியாகிப் பல ஆண்டுகள் கடந்தும் அப்புழுவின் நடத்தை முழுவதையும் கணினியில் எழுப்ப முடியவில்லை. சாலை வரைபடம் கையில் இருந்தாலும், எந்தச் சாலையில் எவ்வளவு வண்டி போகிறது என்பது அதிலிருந்து தெரியாது. அதுபோல, ஓர் இணைப்பு எவ்வளவு வலுவானது, அது தூண்டுகிறதா தடுக்கிறதா என்பது வரைபடத்தில் முழுமையாகத் தெரிவதில்லை. மேலும் நரம்பணுக்கள் இணைப்புகளின் வழியாக மட்டும் பேசிக்கொள்வதில்லை. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் பரவி, தொலைவிலுள்ள செல்களின் போக்கையும் மாற்றுகின்றன.

அளவும் ஒரு தடை. 2013இல் ஜப்பானின் கே மீக்கணினியில் 173 கோடி நரம்பணுக்களைக் கொண்ட மாதிரி வலை இயக்கப்பட்டது. இது மனித மூளையின் நரம்பணுக்களில் சுமார் 2 விழுக்காடு. மூளையில் ஒரு நொடியில் நடக்கும் இயக்கத்தைக் கணக்கிட 82,944 செயலிகளுக்கு 40 நிமிடங்கள் ஆயின. அதிலும் ஒவ்வொரு நரம்பணுவும் மிக எளிமையாக்கப்பட்ட வடிவிலேயே இருந்தது.

சுவிட்சர்லாந்தில் ஹென்றி மார்க்ரம் 2005இல் தொடங்கிய புளூ பிரெய்ன் திட்டம், எலி மூளையின் ஒரு சிறு பகுதியைச் சுமார் 31,000 நரம்பணுக்களோடு விரிவாக உருவாக்கி 2015இல் வெளியிட்டது. முழு மனித மூளையையும் கணினியில் உருவாக்கும் கனவோடு 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித மூளைத் திட்டம் தொடங்கியது. அதற்குத் திட்டமிட்ட செலவு சுமார் 100 கோடி யூரோ. அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் அதன் நோக்கத்தையும் நிர்வாகத்தையும் எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். 2023இல் அத்திட்டம் நிறைவடைந்தபோது மூளை வரைபடங்களும் ஆய்வுக் கருவிகளும் கிடைத்திருந்தன. முழு மூளையின் படி கிடைக்கவில்லை.

வரைபடப் பணி தொடர்கிறது. 2024இல் பழ ஈயின் மூளையிலுள்ள 1,39,255 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் முழுமையாக வெளியானது. அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப் படங்களைக் கொண்ட 'தரணி' என்ற முப்பரிமாணத் தொகுப்பை வெளியிட்டு, உலக ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவைத்தது.

நனவுநிலை என்னும் புதிர்

செயலையும் அமைப்பையும் படியெடுத்தாலும் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. 1980இல் தத்துவப் பேராசிரியர் ஜான் சர்ல் ஒரு கற்பனையைச் சொன்னார். சீன மொழி அறியாத ஒருவர் பூட்டிய அறைக்குள் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் சீன எழுத்துகளுக்கு, விதிநூலைப் பார்த்து உரிய சீன எழுத்துகளை எடுத்துத் தருகிறார். வெளியே இருப்பவர்களுக்கு அவர் சீன மொழி அறிந்தவராகவே தோன்றுவார். கணினியும் அவ்வாறே பொருள் அறியாமல் குறிகளைக் கையாள்கிறது என்பது சர்லின் வாதம். அந்த மனிதர் அறியாவிட்டாலும் அறை முழுவதும் சேர்ந்த அமைப்பு அறிகிறது என்று அவரை மறுத்தவர்களும் உண்டு.

இது தத்துவ வாதம் மட்டுமன்று. மருத்துவத்திலும் இதன் இரு பக்கங்களும் காணப்படுகின்றன. லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸும் அவருடைய குழுவினரும் 1974இல் ஆய்வு செய்த நோயாளி ஒருவருக்கு மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு பாகம் அகற்றப்பட்டிருந்தது. பார்வைப்புலத்தின் ஒரு பக்கம் தமக்கு எதுவுமே தெரியவில்லை என்றார் அவர். ஆனால் அங்கே காட்டப்பட்ட ஒளிப்புள்ளி எங்கே இருக்கிறது என்று ஊகித்துச் சுட்டச் சொன்னபோது பெரும்பாலும் சரியாகச் சுட்டினார். பார்க்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் பார்வையின் வேலை நடந்தது.

இதற்கு எதிரான நிலையை ஏட்ரியன் ஓவன் குழு 2006இல் வெளியிட்டது. சாலை விபத்துக்குப் பின் எந்தத் தூண்டலுக்கும் பதில் தராமல், நனவற்ற நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி கூறப்பட்டது. அவருடைய உடல் அசையவில்லை. ஆனால் மூளை வருடியில், நலமாக உள்ளவர்கள் அவ்வாறு கற்பனை செய்யும்போது இயங்கும் அதே பகுதி அவருக்கும் இயங்கியது. வெளிச்செயல் எதுவும் இல்லாமலே உள்ளே நனவு இருந்ததற்கான சான்றாக ஆய்வாளர்கள் இதைக் கொண்டனர்.

மூளையின் வேலைகளை விளக்கினாலும், அவற்றோடு உணர்வு ஏன் சேர்ந்து வருகிறது என்பது விளங்கவில்லை. இதுவே கடினமான சிக்கல் என்று டேவிட் சால்மர்ஸ் 1995இல் எழுதினார். நனவுநிலைக்குக் காரணமான மூளை இயக்கம் 25 ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக் 1998இல் அவரோடு பந்தயம் கட்டினார். 2023இல் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப் பொருளான திராட்சை மதுப் புட்டிகளைச் சால்மர்ஸிடம் வழங்கினார்.

முடிவுரை

டெக்கார்ட் சொன்ன இரண்டு அடையாளங்களில் முதலாவது இன்று நம் கையைவிட்டுப் போய்விட்டது. எதைக் கேட்டாலும் ஏற்ற மறுமொழி தரும் நிரல்கள் வந்துவிட்டன. அதனால் அவற்றுக்கு மனம் இருக்கிறது என்று ஆகிவிடாது. இல்லை என்பதும் நிறுவப்பட்டுவிடவில்லை. பேச்சைக் கொண்டு மனத்தை அளந்த பழைய அளவுகோல் பயன்படாது என்பது மட்டுமே உறுதியாகியுள்ளது. அதற்கு ஈடான புதிய அளவுகோல் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த அளவுகோலின் தேவை இயந்திரங்களோடு முடிவதில்லை. பேச முடியாத நோயாளிக்கு வலி இருக்கிறதா, அவருக்குச் சிகிச்சையைத் தொடர்வதா என்று குடும்பத்தாரும் மருத்துவர்களும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அசையாத உடலுக்குள் உணர்வு இருப்பதை அறியாமல் விட்டாலும் பிழை; சொற்களை அடுக்கும் கருவிக்கு உணர்வு இருப்பதாக நம்பி ஏமாந்தாலும் பிழை. மூளையைப் போலச் செய்ய முயன்ற 80 ஆண்டுகளில் பயனுள்ள கருவிகள் பல கிடைத்துள்ளன. அறிவும் நனவுநிலையும் ஒன்றல்ல என்ற தெளிவும் அவற்றோடு சேர்ந்து கிடைத்துள்ளது. 302 நரம்பணுக்கள் கொண்ட புழுவையே முழுமையாக அறியாத நிலையில், 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட மூளையைப் பற்றிய எந்தப் பெரிய அறிவிப்பையும், அது மூன்று கேள்விகளில் எதற்கு விடை தருகிறது என்று கேட்டபின் ஏற்பதே முறையாகும்.